கம்ப்யூட்டரை மாற்றுமுன் கணக்கின் விலாசத்தை எழுதி வையுங்கள்



நம்மவர் கடைகள் பலவற்றில் இன்று ஒரு கம்ப்யூட்டருக்கு மேல் இருக்கிறது. கல்லாவில் ஒன்று, கிட்டங்கியில் ஒன்று, கணக்கெழுதும் அறையில் ஒன்று என்று வைத்து மூன்றையும் இணைத்திருக்கிறோம். கணக்கு ஒன்றில் இருக்கிறது. மற்ற இரண்டும் அதைத் திறந்து பார்க்கின்றன, எழுதுகின்றன. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும் வரையில் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. கம்ப்யூட்டரை மாற்றும் நாளில்தான் வினை வருகிறது.

அந்த நாள் பலருக்கும் இப்போது வந்திருக்கிறது. 2025-ம் வருடம் அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கிடைத்து வந்த வழக்கமான பாதுகாப்பு உதவி நின்று விட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், அது ஏற்றுக் கொள்ளும் புதிய வகைப் பிராசஸரும் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை இல்லை. ஆகவே பெட்டியையே மாற்ற வேண்டியதாகிறது.

இதை எழுதுகிறவன் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவன் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்து விட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவன். பட்டுத் தெரிந்து கொண்டதையும், பிறகு கேட்டும் செய்து பார்த்தும் தெளிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். ஒருவருக்காவது என் நஷ்டம் இலாபமாகட்டும்.

நடந்தது இது

என் கடையில் கணக்கறைக் கம்ப்யூட்டரை மாற்றினோம். வந்த தொழில்நுட்பக்காரர் பழையதிலிருந்த பைல்களையெல்லாம் புதியதில் ஏற்றி, பழையதை எடுத்துக் கொண்டு போய் விட்டார். கணக்கறையில் எல்லாம் சரியாக இருந்தது. நானும் திருப்தியடைந்தேன்.

மறுநாள் காலை கல்லாவில் ‘இஸட்’ டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. கல்லாவிலிருந்த தம்பி நல்ல பிள்ளை. வியாபாரம் நிற்கக் கூடாதென்று, எப்போதோ தன் திரையில் எடுத்து வைத்திருந்த பற்று வரவுப் பிரதியைத் திறந்து அதிலே எழுதத் தொடங்கி விட்டான். மேலே கணக்குப்பிள்ளை புதிய கம்ப்யூட்டரில் எழுதிக் கொண்டிருந்தார். ஒரு கடைக்கு இரண்டு பேரேடு! ஒன்பது நாள் இப்படியே ஓடிற்று, எனக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு, பல வருடமாகப் பற்று வைத்து நாணயமாகத் தீர்த்து வரும் ஒரு பெரியவரிடம், “மாமா, 340 வெள்ளி நிற்கிறது” என்று சொல்லி விட்டேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து என் முன் வைத்தார். “தம்பி, உன் கடையில் பற்று இரண்டு நோட்டிலா எழுதுகிறார்கள்?” என்றார். அவ்வளவுதான்.

கொடுத்த மனிதரிடம் மறுபடியும் கேட்பதை விடக் கடைக்காரனுக்கு வேறு இழிவு என்ன? ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்து, இரண்டு இரவு உட்கார்ந்து இரண்டு பேரேட்டையும் ஒன்றாக்கினோம். பணம் ஒரு காசும் போகவில்லை. ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்தது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

பைல்கள் எல்லாம் வந்து சேர்ந்தும் பிழை எங்கே நேர்ந்தது? அதைத்தான் இப்பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1. ‘இஸட்’ என்பது என்ன?

இஸட் என்பது ஒரு பெட்டி அன்று. ஒரு செல்லப் பெயர். கல்லாக் கம்ப்யூட்டரில் இஸட்டைத் திறந்தால் கணக்கு வருகிறது. ஆனால் கணக்கு அங்கே இல்லை. அது கணக்கறையில் இருக்கிறது.

கணக்கறைக் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைப் பொதுவாக்கி, அதற்கு ஒரு பொதுப் பெயர் கொடுத்திருப்பார்கள். இதற்கு ஷேர் என்று பெயர். அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்ததே விலாசம். கம்ப்யூட்டரின் பெயர் ‘மாடி’, ஷேரின் பெயர் ‘கணக்கு’ என்றால் விலாசம் இப்படி இருக்கும்:

\\மாடி\கணக்கு

ஒவ்வொரு முறையும் இதை அடித்துக் கொண்டிராமல், “இந்த விலாசத்துக்கு இஸட் என்று பெயர்” என்று கல்லாக் கம்ப்யூட்டரிடம் சொல்லி வைக்கிறோம். இதுவே டிரைவ் மேப் செய்வது.

என் கடையில் பைல்கள் வந்தன; விலாசம் வரவில்லை. புதிய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் தானாகவே ஒரு நீண்ட பெயரை வைத்திருந்தது. ‘மாடி’ என்ற பெயர் பழைய பெட்டியோடு போய் விட்டது. கல்லாவும் கிட்டங்கியும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக் கொண்டிருந்தன.

ஆகவே இப்பாடத்தின் சாரம் ஒன்றே: பைலைச் சுமந்து வந்தால் போதாது, விலாசத்தையும் சுமந்து வர வேண்டும்.

2. பழைய பெட்டி போகுமுன் எழுத வேண்டியவை

ஒரு தாளில் எழுதுங்கள். கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்தால் அதுவும் சேர்ந்து போய் விடும்.

முதலாவது, கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரின் பெயர். எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதிக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதிலுள்ள ஷேர்களின் பெயர்கள். கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘நெட் ஷேர்’ என்று ஆங்கில எழுத்தில், நடுவே ஓர் இடம் விட்டு அடித்தால் பட்டியல் வரும். டாலர் குறியில் முடியும் பெயர்கள் விண்டோஸ் தனக்காக வைத்துக் கொண்டவை. அவற்றை விட்டு விடலாம்.

மூன்றாவது, மற்றக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றிலும் எந்த எழுத்து எந்த விலாசத்தைக் குறிக்கிறது என்பது. அங்கே ‘நெட் யூஸ்’ என்று அடித்தால் தெரியும். இதைச் சாதாரணமாகத் திறந்த திரையில் அடியுங்கள். நிர்வாகி அதிகாரத்தோடு திறந்தால் மேப் செய்த டிரைவுகள் தெரியாமலும் போகலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மேப் என்பது கம்ப்யூட்டருக்கு உரியதன்று. உள்ளே நுழையும் ஆளுக்கு உரியது. ஒரே கம்ப்யூட்டரில் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் தத்தம் பெயரால் நுழைந்தால், இருவருக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நான்காவது, யார் யாருக்கு என்ன உரிமை என்பது. யார் எழுதலாம், யார் படிக்க மட்டுமே செய்யலாம்? சம்பளக் கணக்கை யார் பார்க்கக் கூடாது? பைல்களைப் பிரதி செய்து வைத்தால் பழைய கம்ப்யூட்டரிலிருந்த ஆட்பெயர்களும் பாஸ்வேர்டுகளும் கூட வருவதில்லை. அவற்றைப் புதிதாக உண்டாக்க வேண்டும்.

ஐந்தாவது, கணக்கு எழுதும் புரோகிராம் தன் பைல்களை எங்கே தேடுகிறது என்பது. பல புரோகிராம்கள் இடத்தை உள்ளுக்குள்ளே எழுதி வைத்திருக்கும். ஒரு எக்செல் தாள் மற்றொரு தாளிலிருந்து தொகையை எடுப்பதாக இருந்தால், அந்த மற்றொன்றின் இடமும் அதிலே பதிந்திருக்கும்.

3. மாற்றும் நாளில் செய்ய வேண்டியவை

மாற்றப்படுவது எது என்று முதலில் பாருங்கள். அது கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரா, கணக்கைப் பார்க்கும் கம்ப்யூட்டரா?

பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் வேலை எளிது. புதியதில் அதே எழுத்தை அதே விலாசத்துக்கு மேப் செய்து, மறுமுறை நுழையும்போதும் இணைக்கும்படி குறியிட்டால் போதும். ஆனால் பழையதின் திரையிலும் அதன் சொந்தப் போல்டர்களிலும் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். என் கடைத் தம்பியின் பிரதி அங்கேதான் தங்கியிருந்தது.

கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால், கடை அடைத்த பிறகு பின்வரும் வரிசையில் செய்யுங்கள்.

எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் கணக்குப் புரோகிராமை மூடுங்கள். திறந்திருக்கும் பைலைப் பிரதி செய்தால் அரைகுறையாக வரக் கூடும்.

வெளி டிஸ்க் ஒன்றில் முழுப் பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு புதிய கம்ப்யூட்டருக்குப் பிரதி செய்யுங்கள். இரண்டு பக்கமும் போல்டரின் குணங்களைத் திறந்து, பைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிரதி முடிந்தவுடன் பழைய கம்ப்யூட்டரில் ஷேரை நிறுத்தி விடுங்கள். இனி அதில் யாரும் எழுதக் கூடாது. இரண்டு பேரேடு உண்டாகும் வாசல் இதுவே.

அடுத்து, பழையதின் பெயரை ‘மாடி-பழசு’ என்பது போல மாற்றி, மறுபடி இயக்கி, நிறுத்தி விடுங்கள். அதன் பிறகே புதியதற்கு ‘மாடி’ என்று பெயரிடுங்கள். ஒரே பெயருடைய இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் குழப்பம் வரும். நீங்களே புதிதாகப் பெயர் வைப்பதானால் 15 எழுத்துக்குள் வையுங்கள்.

கடைசியாக, புதிய கம்ப்யூட்டரில் போல்டருக்கு அதே ஷேர் பெயரைக் கொடுங்கள். உள்ளே அந்தப் போல்டர் எந்த டிஸ்க்கில் இருந்தாலும் மற்றவற்றுக்குக் கவலையில்லை. அவை தேடுவது கம்ப்யூட்டர் பெயரையும் ஷேர் பெயரையுந்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்தால், கல்லாவிலும் கிட்டங்கியிலும் ஒன்றையும் தொடாமலே இஸட் மறுபடி திறக்கும். பழைய ஆட்பெயரையும் பாஸ்வேர்டையும் புதியதிலும் அப்படியே வைத்திருந்தால், அவை பாஸ்வேர்டு கேட்காமலும் போகலாம்.

திறந்து விட்டதே என்று படுக்கப் போய் விடாதீர்கள். கல்லாவிலிருந்து ஒரு வரி எழுதிச் சேமித்து, அதைக் கிட்டங்கியில் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி இயக்கி, இன்னொரு முறை பாருங்கள். அதன் பிறகே வேலை முடிந்தது.

4. புதிய கம்ப்யூட்டரில் வரும் தடைகள்

“படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை.” பொதுப் போல்டருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஷேரின் உரிமை ஒன்று. போல்டரின் சொந்த உரிமை மற்றொன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். விரிவான முறையில் ஷேர் செய்யும்போது, விண்டோஸ் முதலில் எல்லோருக்கும் படிக்கும் உரிமை மட்டுமே கொடுக்கிறது. எழுத வேண்டியவருக்கு இரண்டு பூட்டையும் திறந்து விட வேண்டும். அதற்காக எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்து விடுவது கல்லாப் பெட்டியைத் தெருவில் வைப்பது போலாகும்.

“பாஸ்வேர்டு சரியாக அடித்தும் ஏற்கவில்லை.” அடித்தது பாஸ்வேர்டா, ‘பின்’ எண்ணா? பின் எண் அந்தக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக அது செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத ஆட்பெயரையும் விண்டோஸ் வெளியிலிருந்து அனுமதிப்பதில்லை. ஆகவே கணக்கறைக் கம்ப்யூட்டரில் கடைக்கென்று தனி ஆட்பெயர்களை உண்டாக்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்து, மற்றவற்றில் அவற்றைக் கொடுங்கள்.

“கம்ப்யூட்டரே கண்ணில் படவில்லை.” புதிய நெட்வொர்க்கை விண்டோஸ் 11 முதலில் ‘பப்ளிக்’ என்று, அதாவது அன்னிய இடம் என்று வைத்துக் கொள்ளும், ஷேர்களை மறைத்து விடும். கடையின் சொந்த இணைப்பானால் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். கணக்கறைக் கம்ப்யூட்டர் தானாக உறங்கிப் போனாலும் மற்றவற்றில் இஸட் அற்றுப் போகும்; அதற்கு உறக்கம் கூடாதென்று அமைத்து விடுங்கள்.

“பழைய ஸ்கேனரோ, பொது டிஸ்க் பெட்டியோ ஒத்து வரவில்லை.” இதற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டர்கள் பைல்களைப் பகிர்ந்து கொள்ளப் பேசும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அதன் பழைய முதற் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக 2017-ம் வருடம் மே மாதத்தில் ‘வானாகிரை’ என்னும் தீய புரோகிராம் உலகெங்கும் பரவியது. பைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் பொது மருத்துவமனைகள் பல ஸ்தம்பித்துப் போயின. அவ்வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய முறை புதிய கம்ப்யூட்டர்களில் வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை. 2024-ல் வந்த விண்டோஸ் 11 புரோ 24 எச் 2 பதிப்போ, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத விருந்தாளி நுழைவையும் ஏற்பதில்லை. “பழைய முறையைத் திறந்து விட்டால் எல்லாம் ஓடும்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு ஸ்கேனருக்காகக் கடை முழுவதையும் திறந்து வைக்க வேண்டாம். அந்தச் சாதனத்துக்குப் புதிய பதிப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையேல் அதை மாற்றி விடுங்கள்.

எழுத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கையடக்க யு.எஸ்.பி. டிஸ்க் செருகும்போது விண்டோஸ் காலியாயிருக்கும் முன் எழுத்துக்களை அதற்குக் கொடுக்கும். ஆகவே பொது டிரைவுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துக்களே உத்தமம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை: மேப் செய்த டிரைவில் ஒரு பைலை அழித்தால் அது வழக்கமாகக் குப்பைக் கூடைக்குப் போவதில்லை, போனது போனதுதான். பொதுப் போல்டரைப் பத்திரப் பிரதி என்று எண்ணி ஏமாறாதீர்கள். பல பேர் தொடும் ஒரே பிரதி அது. வெளி டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள்.

5. பழைய பெட்டியை என்ன செய்வது?

உடனே கொடுத்து விடாதீர்கள். நான் செய்த முதற் பிழை அதுவே. ஒரு மாதக் கணக்கு முழுதும் புதியதில் ஓடி முடியும் வரை அலமாரியில் வையுங்கள். விட்டுப் போன ஏதோ ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும்.

வியாபாரக் கணக்குகளை வரி இலாகாவுக்காக மலேசியாவில் 7 வருடமும், சிங்கப்பூரில் 5 வருடமும் வைத்திருக்க வேண்டியது கடமை. பழைய வருடத்துப் போல்டர்களும் புதியதில் வந்து விட்டனவா என்று திறந்து பாருங்கள்.

பிறகு கொடுப்பதானால், டிஸ்க்கைத் துப்புரவாக அழித்துக் கொடுங்கள். பைலை டெலிட் செய்வது அழிப்பதாகாது. திரும்ப எடுக்க முடியும். வாடிக்கைக்காரரின் பெயர், வீட்டு விலாசம், அடையாள அட்டை எண், யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. மலேசியாவில் 2010-ம் வருடத்திலும், சிங்கப்பூரில் 2012-ம் வருடத்திலும் தனிமனிதர் விவரங்களைக் காக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் இல்லாவிட்டாலும் அவை நம்மை நம்பிச் சொன்ன விவரங்கள். நம் கையிலுள்ள அமானிதம்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. உங்கள் கடையில் கணக்கு உண்மையில் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது?

2. அதன் பெயரும் ஷேர் பெயரும் தாளில் எழுதப்பட்டிருக்கின்றனவா? அந்தத் தாள் எங்கே?

3. நாளைக் காலை இஸட் திறக்காவிட்டால், கல்லாவிலிருப்பவர் எதில் எழுதுவார்?

மூன்றாவது கேள்வியே பெரிது. என் கடையில் அதற்கு இப்போது ஒரு கட்டளை இருக்கிறது: இஸட் திறக்காவிட்டால் திரையில் எதையும் எழுதாதே, ரசீதுப் புத்தகத்தில் கையால் எழுது, உடனே மேலே சொல். தம்பி அதை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறான்.

அந்தப் பெரியவர் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார். ஒவ்வொரு மாதமும் அவர் பெயரைத் திறந்து பார்த்து, ரசீது அடிக்கட்டையோடு ஒத்துப் பார்த்த பிறகே தொகையைச் சொல்கிறேன்.